பின்சீட்டுக்காரி

புதுக் காரின் சாவியைக் கையில் வைத்தால் யாருக்கும் ஒன்று பல்லாவது தெரியும், இல்லை பயமாவது தெரியும். எறும்பம்மாவின் முகத்தில் இரண்டும் தெரியவில்லை. லேப் மேனேஜர் நீட்டிய சாவியை வாங்கி, வெள்ளைக் கோட்டுப் பையில் பஞ்சுச் சுருளோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு, "சரி தம்பி" என்றாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியேறிப் போங்கள் என்று சொல்லியிருந்தாலும் அதே "சரி தம்பி"தான் வந்திருக்கும்.

எறும்பம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. இருபத்தேழு வருஷமாக அந்த லேப்பில் ரத்தம் எடுக்கிறாள். ஊசி இறங்குவதற்கு முன்னால் "ஒரு எறும்பு, அவ்வளவுதான்" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் குழாயில் பாதி நிறைந்திருக்கும். தெருவையே கூட்டி அழுகிற குழந்தைகள்கூட அவளிடம் கப்சிப். நரம்பே கிடைக்காது என்று மற்றவர்கள் கைவிட்ட கிழவர்களின் கையை இரண்டு விரலால் தடவி, கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பாள். அந்தப் பேச்சால் வந்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஐம்பத்தொரு வயதில் அவளுக்கே தன் சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு நொடி ஆகும்.

மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்களும் மேனேஜர் ஆனால் மேனேஜர்தான்.

"அக்கா, வெளிப்படையாவே சொல்லிடறேன். உள்ள ரத்தம் எடுக்க புதுசா ரெண்டு பேர் வந்தாச்சு. இனிமே உங்களுக்கு உள்ள இடம் இல்ல. வீட்டுக்கே போயி எடுக்கிற ரூட் ஒண்ணுதான் காலியா இருக்கு. அதுக்குத்தான் இந்த பேட்டரி காரு. காலைல ஏழு வீடு. எட்டரைக்குள்ள சாம்பிள் இங்க வந்து சேரணும். ரெண்டு வாரம் பாப்போம். சரியா வந்தா இந்த ரூட் உங்களுக்கு. வரலன்னா…"

"வரலன்னா வேலை இல்ல" என்று எறும்பம்மாவே முடித்துவைத்தாள். அவருக்குச் சிரமம் வேண்டாமே என்று.

"அப்படிச் சொல்லாதீங்க."

"வேற எப்படித் தம்பி சொல்றது?"

சங்கடமெல்லாம் அவர் பக்கம்தான். அவள் பக்கம் ஒன்றுமில்லை. வேலை போனால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அந்த வயதில், ஊசி பிடிக்கத் தவிர வேறு தெரியாதவளை எந்த லேப்பும் ஆரத்தி எடுத்துக் கூப்பிடாது. இது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த விஷயம் தலையோடு நின்றுவிட்டது, வயிற்றுக்கு இறங்கவில்லை. அதுதான் கோளாறு.

எட்டு மாதமாகவே இப்படித்தான். அக்கா போனதிலிருந்து.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இவளைப் பற்றிச் சொல்ல முடியாது. ஐந்து வயது மூத்தவள். மின்சார ஆபீசில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற வேலை. குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். பெண் பார்க்க வந்த இரண்டு மூன்று மாப்பிள்ளைகளை அக்கா கேள்வி கேட்டே ஓட வைத்தாள். அதற்குப் பிறகு வந்தவர்களை இவள் "அக்காவ விட்டுட்டு நான் எப்படி" என்று அனுப்பிவிட்டாள். அப்பா அம்மாவுக்குப் பிறகு இரண்டு பேரும் அதே வீட்டில், அதே சாப்பாட்டு மேஜையில், அதே சண்டையில் இருபத்தாறு வருஷம் ஓட்டினார்கள். அக்காவிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. அக்கா ஓட்டுவாள், இவள் பின்னால் உட்கார்வாள். காலையில் லேப் வாசலில் இறக்கி விடுவாள், சாயங்காலம் அங்கிருந்தே ஏற்றிக்கொள்வாள். "நீ பின்னாடி உக்காரு சின்னவளே, அது போதும்" என்பாள். இவளுக்கும் அது போதுமாகத்தான் இருந்தது.

நடுவில் ஒரு தடவை கார் வாங்கலாம் என்று அக்காவுக்கு ஆசை வந்து, இரண்டு பேரும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார்கள். கூத்தைக் கேளுங்கள். தேர்வு நாளன்று அக்கா ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தை இடித்துவிட்டாள். பயந்துகொண்டே போன சின்னவள் பாஸ். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அக்கா வாயே திறக்கவில்லை. மறுநாள் காலை, "காரெல்லாம் நமக்கு எதுக்கு, தெருவ அடைச்சுக்கிட்டு" என்றாள். அத்தோடு கார் பேச்சு அந்த வீட்டில் முடிந்தது. சின்னவளின் லைசென்ஸ் பீரோவில், துணிகளுக்கு அடியில் போனது. அக்காவின் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அவளேதான் வைத்தாள்.

அக்காவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. எப்போதோ மீட்டர் பார்க்கப் போன இடத்தில், அணைக்காமல் விட்ட இஸ்திரிப் பெட்டியால் ஒரு வீடே கரிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து ஒன்பதரை மணி ஆனால் வீட்டைச் சுற்றுவாள். அடுப்படி மிக்ஸி, ஹாலில் டிவி, இரண்டு அறைகளிலும் உள்ள பிளக்குகள், எல்லா ஸ்விட்சையும் அணைப்பாள். ஃபிரிட்ஜுக்கு மட்டும்தான் விதிவிலக்கு. கடைசியாக வாசற்கதவுக்குப் பக்கத்துப் பலகை. அதில் ஐந்து ஸ்விட்ச். ஐந்தையும் அணைத்துவிட்டு, பலகையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, "அணைச்சாச்சு" என்பாள். படுக்கையில் கிடக்கிற சின்னவளுக்கு அந்த இரண்டு தட்டு கேட்டால்தான் தூக்கம் வரும்.

அந்த அக்கா ஒரு மத்தியானம் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்த வீட்டு வாசலிலேயே சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாதா மாதம் அக்காவின் கையில் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தவள், அன்றைக்கும் பழக்கத்தில் அந்தக் கையை எடுத்து நரம்பைத் தடவினாள். பிறகு கீழே வைத்துவிட்டாள். அழவில்லை. வந்த சொந்தக்காரர்கள் "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். நாலாம் நாள் வேலைக்கு வந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள், பல் தேய்த்தாள். ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டுகிற ரப்பர் பட்டையை அவிழ்க்க மறந்தால் கை மரத்துப்போய் யாருடைய கையோ மாதிரி கிடக்குமே, எட்டு மாதமாக அவள் முழுசாகவே அப்படி இருந்தாள்.

வண்டியைப் பற்றிச் சொல்லித்தர கார் கம்பெனிக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். வாய் ஓயாத மனிதர். தானே பெற்று வளர்த்த பிள்ளையைப் போலக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. இந்தக் குமிழத் திருப்பினா முன்னாடி, இப்படித் திருப்பினா பின்னாடி. பிரேக்க மிதிச்சுக்கிட்டு பட்டன அழுத்துங்க மேடம்."

அழுத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என்ன மேடம் பாக்கறீங்க?"

"ஸ்டார்ட் ஆகலையே."

"ஆயிடுச்சு மேடம்! 'ரெடி'ன்னு எழுத்து வந்திருக்கு பாருங்க. இது சத்தமே போடாது. அதான் ஆபத்தும். ஓடலன்னு நினைச்சு அப்படியே எறங்கிப் போயிடுவாங்க. எறங்கும்போது அந்த எழுத்து அணைஞ்சிருக்கான்னு பாக்கணும்."

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாகவே மெதுவாகும் என்றார். அப்படி மெதுவாகும்போது கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்பிப் போகுமாம். ஷெட்டில், அக்கா ஸ்கூட்டரைக் கழுவ வைத்திருந்த தண்ணீர் பம்புக்காகப் போட்ட பெரிய பிளக் பாயிண்ட் இருந்தது. அதையே சோதித்துப் பார்த்து, போதும் என்றார். அதன் ஸ்விட்ச் வீட்டுக்குள், வாசற்கதவுப் பலகையில் ஐந்தாவது. ஸ்விட்சைப் போட்டால் சார்ஜர் ஒயரில் இருக்கிற செங்கல் அளவுப் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். ஒயரின் மறுமுனையைக் கார் மூக்கில் செருக வேண்டும்.

"இன்னொண்ணு மேடம். சாயங்காலம் எல்லா வீட்லயும் எல்லாமே ஓடும், கரண்டு தள்ளாடும். அதனால ராத்திரி பத்து மணிக்கு மேலதான் சார்ஜ் ஏறுற மாதிரி வண்டியில செட் பண்ணி வச்சிருக்கேன். நீங்க சாயங்காலமே செருகிட்டு, ஸ்விட்சப் போட்டுட்டுப் படுத்துடுங்க. பத்து மணிக்குத் தானா ஆரம்பிச்சிடும். காலைல நூறு காட்டும்."

"சரி" என்றாள். அவர் போகும்போது, இவ்வளவு நேரம் பேசியதில் ஒரு வார்த்தையாவது உள்ளே போயிருக்குமா என்ற சந்தேகத்தோடுதான் போனார். எல்லாம் போயிருந்தது. அவள் தலையில் எந்தக் கோளாறும் இல்லை.

திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு, ரத்தக் குழாய்கள் வைக்கும் ஐஸ் பெட்டியோடு வந்தாள். காரின் கதவைத் திறந்தாள். ஏறி உட்கார்ந்தாள். பெட்டியை மடியில் வைத்து, சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, காத்திருந்தாள். ஒரு நிமிஷம் போயிருக்கும். முன்னால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் யாரும் இல்லை. ஏறியது பின்சீட்டில்.

நீங்கள் சிரிக்கலாம், தப்பில்லை. வேறு யாராவது பார்த்திருந்தால் அவர்களும் சிரித்திருப்பார்கள். அவள் சிரிக்கவும் இல்லை, துக்கப்படவும் இல்லை. இறங்கினாள், பெட்டியைப் பின்சீட்டிலேயே வைத்து பெல்ட்டைப் போட்டாள், முன்கதவைத் திறந்து ஏறினாள்.

கம்பெனிக்காரர் நிரப்பிக் கொண்டுவந்திருந்த நூறு சதவீதத்தோடு கிளம்பினாள். சத்தமில்லாத வண்டி. முதல் சந்திலேயே ஒருவர் போனில் பேசிக்கொண்டு நடுத்தெருவில் நடந்து போனார். இவள் பின்னால் வருவது அவருக்குத் தெரியாது. ஹாரன் அடிக்கலாம் என்பது இவளுக்குத் தோன்றவில்லை. பின்சீட்டுக்காரிக்கு ஹாரன் பழக்கம் எங்கிருந்து வரும்? சந்து முடிகிறவரை கல்யாண ஊர்வலம் மாதிரி அவர் பின்னாலேயே போனாள். பெரிய சாலையில் மற்றவர்கள் இவளைப் பார்த்து அடித்த ஹாரன் கொஞ்சமில்லை. அதையெல்லாம் யாருக்கோ அடிக்கிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

முதல் வீடு ஒரு கணக்கு வாத்தியாருடையது. ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆகியும் குரல் ஓய்வு பெறவில்லை. வாரத்தில் இரண்டு நாள் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தம் என்பதால், எடுத்து முடிக்கும்வரை அவருக்குக் காபி கிடையாது. வாசலிலேயே நாற்காலி போட்டுக் காத்திருந்தார்.

"நாலு நிமிஷம் லேட்டு."

"ஆமா சார். ஒரு எறும்பு, அவ்வளவுதான்."

"ஆச்சா?"

"ஆச்சு சார்."

"பரவாயில்லையே!" என்றவர், உள்ளே திரும்பி "காபி!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஏழு வீடும் முடித்து எட்டு இருபதுக்கு லேப்புக்கு வந்தாள். மேனேஜருக்கு அவ்வளவு சந்தோஷம். சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தபோது வண்டியில் ஐம்பத்து மூன்று சதவீதம் மீதி. ஒயரைச் செருகினாள், ஐந்தாவது ஸ்விட்சைப் போட்டாள், பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததைப் பார்த்தாள்.

செவ்வாய் காலை ஒயரை உருவிவிட்டு வண்டியில் ஏறினால், ஐம்பத்து மூன்று. ஒரு சதவீதம்கூட ஏறவில்லை.

அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கிளம்பிவிட்டாள். ஏசியைப் போடாமல், முப்பதுக்கு மேல் போகாமல், உருட்டி உருட்டி ஏழு வீட்டையும் முடித்து வந்து சேர்ந்தபோது ஒன்பதே கால். எட்டு சதவீதம். மேனேஜர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கார் கம்பெனிக்காரருக்குப் போன் பறந்தது. அவர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு ஓடி வந்தார். லேப்புக்குப் பின்னால் பெரிய வேனுக்கென்று ஒரு சார்ஜர் இருக்கிறது, அதில் செருகிப் பார்த்தார். கடகடவென்று ஏறியது.

"வண்டியில ஒரு குறையும் இல்ல மேடம். ஸ்விட்சப் போட்டீங்களா?"

"போட்டேன். பச்ச வெளக்கு எரிஞ்சது."

"அப்ப ஒயர்தான்" என்று புது ஒயர் கொடுத்தார். அன்றைக்கு வேன் ஒதுங்கி நின்று இடம் விட்டதால் வண்டி நிறைந்தது. "தெனமும் இப்படி வேன நிறுத்தி வைக்க முடியாதுக்கா" என்று மேனேஜர் சொன்னார். புதன்கிழமை பழுதில்லாமல் போனது. அன்று சாயங்காலம் புது ஒயரைச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. வியாழன் காலை ஏறி உட்கார்ந்தால், முந்தின நாள் நிறுத்தியபோது இருந்த அதே நாற்பத்தொன்பது.

சாயங்காலம் ஸ்விட்ச் போடப் போகும்போதெல்லாம் அது அணைந்துதான் இருக்கும். காலையில் கிளம்பும்போது தானே அணைத்திருப்போம் என்று நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொள்வாள் என்பதுகூட அதிகம். தான் எப்போது எதைச் செய்தோம் என்பதை அவள் எட்டு மாதமாகக் கவனிப்பதே இல்லை. வாசற்கதவைப் பூட்டினோமா என்று கேட்டால்கூட, பூட்டைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்வாள்.

வியாழக்கிழமை மானம் கப்பலேறியது. ஆறாவது வீட்டிலிருந்து கிளம்பும்போதே எதிர்க்கண்ணாடிக்குக் கீழே ஒரு ஆமைப் படம் வந்துவிட்டது. சார்ஜ் தீரப் போகிறது, இனி வண்டி நகரத்தான் செய்யும், ஓடாது என்று அதற்கு அர்த்தம். சைக்கிளில் பால் கொண்டு போகிறவர் இவளைத் தாண்டிப் போய், திரும்பி ஒரு பார்வை பார்த்தார். லேப்புக்கு வந்தபோது பத்து மணி. வெயிலில் கிடந்து ஐஸும் கரைந்து, கணக்கு வாத்தியாரின் சாம்பிள் உட்பட மூன்று பேருடையது வீணானது. மறுபடி எடுக்க வேண்டும். மறுபடி அவருக்குக் காபி இல்லாத காலை. வாத்தியார் மேனேஜருக்கே போன் போட்டு ஒரு பாட்டம் தீர்த்துவிட்டார்.

மேனேஜரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அப்புறம் அதுவும் அடங்கி, களைத்துப் போனார்.

"அக்கா, வண்டியையும் பாத்தாச்சு. ஒயரயும் மாத்தியாச்சு. எலக்ட்ரீசியன அனுப்பி உங்க வீட்டு பாயிண்டயும் பாத்தாச்சு, நல்லாத்தான் இருக்கு. இதுக்கு மேல நான் மேல இருக்கிறவங்களுக்கு என்ன பதில் சொல்றது? ரெண்டு வாரமெல்லாம் இனிமே தாங்காது. நாளைக்கு வேற ஆள டூ வீலர்ல அனுப்பறேன். சனி, ஞாயிறு ரூட் கிடையாது. திங்கக்கெழம காலைல உங்க வீட்லேருந்து நூறோட கெளம்பி, எட்டரைக்குள்ள இங்க வந்து நிக்கணும். முடியலன்னா, என்ன மன்னிச்சிடுங்க."

"சரி தம்பி."

"கோவமா ஏதாவது சொல்லுங்கக்கா! இல்ல அழுங்க! இப்படி சரி சரின்னா எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. "சரி" என்று மறுபடி சொன்னாள்.

வியாழன் முழுக்க லேப்பிலேயே நின்ற வண்டிக்கு வெள்ளிக்கிழமை வேன் சார்ஜரில் ஒரு மணி நேரம் இடம் கிடைத்தது. நாற்பதோடு வண்டி வீடு வந்தது. சாயங்காலம் செருகினாள். சனிக்கிழமை காலை பார்த்தாள், நாற்பது. அன்று சாயங்காலமும் செருகினாள். ஞாயிறு காலையும் நாற்பது. ஒரு நோட்டு எடுத்து நாற்பது, நாற்பது என்று தேதி போட்டு எழுதினாள், நோயாளிகளின் சர்க்கரை அளவை எழுதுகிற அதே கையெழுத்தில்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரம். ஷெட்டில் குனிந்து ஒயரைச் செருகி, உள்ளே போய் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வந்து, பச்சை விளக்கைப் பார்த்தபடி நின்றாள். மாடியில் குடியிருக்கிற தையல்காரம்மா, காய்ந்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தாள். அவளுடைய தையல் மெஷின் ஷெட்டுக்கு நேர் மேலே, ஜன்னலோரம் இருக்கிறது. பத்து மணி வரை அதில் உட்கார்ந்து தைப்பாள்.

"என்ன சின்னக்கா, அந்த வெளக்கையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"சார்ஜ் ஏற மாட்டேங்குது. நாளைக்கு ஏறலன்னா வேலை போயிடும்." தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

தையல்காரம்மா வாயில் கையை வைத்தாள். "ஐயய்யோ! அப்படின்னா ஏன் அத அணைக்கிறீங்க?"

"எத?"

"அந்த வெளக்கத்தான். நான்தான் தெனம் மேலேருந்து பாக்கறேனே. ஒன்பதரை ஆனா டப்புன்னு அணைஞ்சிடும். கரண்டு மிச்சம் பிடிக்கிறீங்களோன்னு நெனச்சேன்."

"நான் அணைக்கலியே."

"நீங்கதான் அணைக்கிறீங்க சின்னக்கா." தையல்காரம்மா துணியைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "பெரியக்கா இருந்தப்ப ஒன்பதரைக்கு அடுப்படி வெளக்கு அணையும், அப்புறம் ஹாலு, அப்புறம் வாசலு. கடைசியா பலகையில ரெண்டு தட்டு தட்டுவாங்க. எனக்கு மணி பாக்கவே வேண்டாம், அத வச்சே தெரிஞ்சுக்குவேன். அவங்க போயி ரெண்டு நாள் ஒண்ணுமில்ல. மூணாம் நாள் ஒன்பதரைக்கு அதே மாதிரி வரிசையா அணையுது. அதே ரெண்டு தட்டு. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு வேர்த்து விறுவிறுத்துப் போச்சு. பெரியக்காவே வந்துட்டாங்கன்னு வெளக்கப் போட்டுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தேன். மறுநாள் எட்டிப் பாத்தாத்தான் தெரியுது, நீங்க. அவங்க மாதிரியே நடந்து, அவங்க மாதிரியே 'அணைச்சாச்சு'ன்னு சொல்லிட்டுப் போறீங்க. அதுக்கப்புறம் பழகிப்போச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

எறும்பம்மா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். தையல்காரம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "நான் வேணா ஒன்பதரைக்கு வந்து உங்கள புடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். வேடிக்கைக்குக் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டாள்.

"வேணாம்" என்றாள் எறும்பம்மா. "நானே பாத்துக்கறேன்."

உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்து வாசற்கதவுப் பலகைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். ஐந்து ஸ்விட்ச். பலகையின் வலது ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் பெயின்ட் மழுங்கியிருந்தது. வருஷக்கணக்காக முட்டி பட்டுப் பட்டு மழுங்கியது. அதில் கடைசி எட்டு மாதத் தட்டு தன்னுடையது என்று யாராவது சத்தியம் பண்ணியிருந்தாலும் நேற்றுவரை நம்பியிருக்க மாட்டாள்.

ஒரு தாளை ஒட்டி "அணைக்காதே" என்று எழுதி வைத்தால் வேலை முடிந்தது. அது அவளுக்கும் தெரியும். எழுதவில்லை. தன் கை என்னதான் செய்கிறது என்று ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. எட்டு மாதத்தில் அவளுக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றியது அதுதான் முதல் தடவை.

ஒன்பதரை ஆனது. கால் தானாக எழுந்தது. அடுப்படியில் மிக்ஸி ஸ்விட்ச். ஹாலில் டிவி. தன் அறை. அக்காவின் அறை, அங்கே எட்டு மாதமாக எதுவும் எரிந்ததே இல்லை, ஆனாலும் கை போய் ஒவ்வொரு ஸ்விட்சையும் தொட்டுப் பார்த்தது. நடை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. அக்காவுக்கு இடது முழங்காலில் வலி உண்டு. இவளுக்குக் கிடையாது.

பலகைக்கு வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கை ஐந்தாவதுக்குப் போனது. வலது கையை இடது கையால் எட்டிப் பிடித்தாள், துள்ளுகிற நோயாளியின் கையைப் பிடிப்பது போல அழுத்தமாக, வலிக்காமல்.

"இத மட்டும் விட்டுடு அக்கா" என்றாள். "இத அணைச்சா எனக்கு வேலை போயிடும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. அழுகை வந்தது. எட்டு மாதத்துக்கும் சேர்த்து வைத்து அழுதாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. கதவில் சாய்ந்துகொண்டு ஒரு ஐந்து நிமிஷம், மூக்கைச் சிந்திச் சிந்தி, அசிங்கமாக அழுதாள். வலித்தது. கட்டின பட்டையை அவிழ்த்ததும் ரத்தம் திரும்ப ஓடும்போது சுருக்கு சுருக்கென்று குத்துமே, அப்படி உடம்பு பூராவும் குத்தியது. இதற்கு மரத்துக் கிடந்ததே மேல் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்தாள். பலகையில் தட்டவில்லை. "அணைச்சாச்சு" சொல்லவில்லை. வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

திங்கள் காலை பட்டனை அழுத்தினாள். ரெடி. நூறு.

"அக்கா, நூறு" என்று பின்னால் திரும்பிச் சொன்னாள். பின்சீட்டில் ஐஸ் பெட்டி பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. முன்னால் திரும்பி, மூக்கை ஒரு தடவை உறிஞ்சிக்கொண்டு, கிளம்பினாள். சந்தில் அதே ஆள் அதே போனோடு நடுத்தெருவில் போனார். ஹாரனை அழுத்தினாள். அந்தச் சின்ன வண்டிக்குள் அவ்வளவு பெரிய சத்தம் இருக்கும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. அவர் துள்ளிக் குதித்து ஒதுங்கினார்.

கணக்கு வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கை நீட்டினார். இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக மெதுவான குரலில், "காபி குடிச்சிட்டுப் போறியாம்மா?" என்றார். "அடுத்த தடவை சார்" என்றாள்.

எட்டு பன்னிரண்டுக்கு லேப் வாசலில் வண்டியை நிறுத்தினாள். மேனேஜர் ஓடி வந்து ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்து, முதலில் மணியைப் பார்த்தார், அடுத்து சதவீதத்தைப் பார்த்தார். ஐம்பத்து நான்கு. அவர் தோள் இரண்டும் இறங்கின.

"அப்பாடா! ரூட் உங்களுக்குத்தான்க்கா, மேல நான் பேசிக்கறேன். ஆமா, என்னதான் கோளாறு அது?"

"வீட்ல ஒருத்தங்க தெனமும் ஸ்விட்ச அணைச்சிக்கிட்டு இருந்தாங்க தம்பி."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "நீங்க தனியாத்தானேக்கா இருக்கீங்க?"

எறும்பம்மா பின்கதவைத் திறந்து, பெல்ட்டை அவிழ்த்து, ஐஸ் பெட்டியை வெளியே எடுத்தாள்.

"நேத்துலேருந்துதான்" என்று சொல்லிவிட்டு, பெட்டியோடு உள்ளே போனாள்.